கேட்பாரில்லாத கோட்டு

— அந்த மூணாவது பொத்தானப் பாரு.

— பாத்துட்டேன்.

— என்னத்தப் பாத்த? மூக்குக் கண்ணாடியே போடல நீ.

— பொத்தானப் பாக்கறதுக்குக் கண்ணாடி எதுக்கு, தெல்மா? எல்லாம் பொத்தான் மாதிரிதான் இருக்கு.

— மத்ததெல்லாம் பச்சை. அது ஒண்ணு மட்டும் பழுப்பு. அது உன் வேலைக் கோட்டுல இருந்து நான் வெட்டி எடுத்தது, நார்மன். பொத்தான் இல்லாம நெஞ்சத் தொறந்து போட்டுக்கிட்டு ஒரு வாரம் வீடு அதிரக் கத்துனியே, அதுகூடவா மறந்துபோச்சு?

— ஊர்ல பொத்தான் அந்து போகாத கோட்டு உண்டா? கிடைச்சத எடுத்து யாரோ தச்சிருப்பாங்க. அந்த வருஷம் கிரெய்ஞ்சர் மார்க்கெட்ல பாதி ஊரு இதே பச்சைக் கோட்டத்தான் வாங்குச்சு.

— பாதி ஊருமா கருப்பு நூல்ல தச்சுது? பச்சை நூலு தீந்து போச்சுன்னு நான்தான் கருப்புல தச்சேன். நம்ம பொண்ணு பெவ் என்ன சொன்னா தெரியுமா? "இன்னும் ரெண்டு இழை வெள்ளை நூலும் விட்டிருந்தா நம்ம பந்தாட்டக்காரங்க கருப்பு வெள்ளைக் கொடி ஆயிருக்கும்மா"ன்னா. அந்த நக்கலு எங்கேருந்து வந்துச்சு? உங்கிட்ட இருந்து வந்ததுதான்.

— சரி. வா, கீழ போய் ஒரு டீ குடிப்போம். காலைல விட்லி பே ஸ்டேஷன்ல ரயில் ஏறினதுல இருந்து வயித்துல ஒண்ணும் இல்ல.

— டீ எங்கயும் போயிடாது.

— கோட்டும் எங்கயும் போயிடாது. பூட்டித்தானே வெச்சிருக்காங்க.

— ஏன் மூஞ்சியத் திருப்பிக்கற? இப்படித் திரும்பு. தலையில்லாத ஒரு பொம்மைக்கு என் பொண்ணு கோட்ட மாட்டி விட்டிருக்காங்க, அதக்கூட உன்னால நேரா பாக்க முடியல.

— இந்த எடமே எனக்கு ஒத்துக்கல. மியூசியம்னா பழைய கப்பலு, பழைய நிலக்கரி வண்டி, அதெல்லாம் இருக்கும்னு நெனச்சேன். இங்க என்னடான்னா குடிகாரங்க ஒக்காந்த ஸ்டூலு, வாசல்ல நின்ன தடியன் போட்டிருந்த தொப்பி, ஆட்டக் கூடத்துத் தரையில ஒரு துண்டு. இதுக்கெல்லாம் கண்ணாடிப் பொட்டி.

— அந்தத் துண்டுத் தரை "நீல லாந்தர்" தரை. அதுல பெவ் ஆடியிருக்கா. போன வாரம் நான் அதத் தொட்டுப் பாத்தேன், தொடலாம்னு போட்டிருந்தான். அந்தப் பொட்டியில ஒரு ஓட்டை இருக்கு பாரு, அதுல மூக்க வெச்சா அந்தக் காலத்து ராத்திரி வாசனை வரும்னு எழுதியிருக்கான். வெச்சுப் பாத்தேன். சிகரெட்டு, கொட்டின பீரு, தலைக்கு அடிக்கற ஸ்ப்ரே. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நம்ம மாடிப்படி எப்படி மணக்கும், அதே மாதிரி. அழுதுட்டேன். பிங்கோக்காரி ஆட்ரி பக்கத்துல நின்னு எனக்கு மூக்கடைப்புன்னு நெனச்சு கைக்குட்டை குடுத்தா.

— பிங்கோ ஆடற கூட்டத்தோடயா வந்த?

— ஆமா. உள்ள போகக் காசு கிடையாதுன்னாங்க, மழையும் புடிச்சுக்கிச்சு. ஒவ்வொருத்தியும் அவ அவ சின்ன வயசுல எங்க ஆடினா, எவனுக்கு முத்தம் கொடுத்தான்னு கெக்கெக்கேன்னு சிரிச்சுக்கிட்டு வந்தாளுங்க. நான் திரும்பினேன், இது நிக்குது. அன்னைக்கே உனக்குப் போன் பண்ணியிருப்பேன். ஆனா முதல்ல நான் நல்லா யோசிக்கணும்னு இருந்துச்சு.

— நீ போன் பண்ணினா யாரோ போயிட்டாங்கன்னுதான் அர்த்தம்.

— நார்மன், நேரா கேக்கறேன். இந்தக் கோட்ட என்ன பண்ணினேன்னு எங்கிட்ட சொன்ன?

— அது பழைய கதை.

— எரிச்சுட்டேன்னு சொன்ன. பெவ்வப் பொதச்சு நாலு நாள்கூட ஆகல. கோட்டு எங்கன்னு நான் அலமாரியெல்லாம் தேடறேன், நீ வந்து "பின்னாடி முத்தத்துல எண்ணெ ட்ரம்முல போட்டு எரிச்சுட்டேன் தெல்மா, என்னால அதப் பாத்துட்டு இருக்க முடியல"ன்னு குழந்தை மாதிரி அழுத. நான் உன் முதுகத் தடவிக் கொடுத்தேன். எரிஞ்சு போச்சுன்னியே, இது என்ன? சாம்பல்ல இருந்து எழுந்து வந்துச்சா?

— சரி, எரிக்கல. சர்ச்சுல பழைய துணி கேட்டாங்க, கொடுத்துட்டேன். நீ வருத்தப்படுவேன்னு எரிச்சுட்டேன்னு சொன்னேன். அத எவளோ வாங்கி, போட்டுட்டு ஆடப் போயி, மறந்துட்டு வந்திருப்பா. அவ்வளவுதான் விஷயம்.

— பொய்யும் சொல்ல வரல உனக்கு. என்னிக்கு வந்துச்சு! இந்த அட்டையில என்ன எழுதியிருக்கு, படி.

— கண்ணாடி கொண்டு வரல.

— நான் படிக்கறேன், கேளு. "கேட்பாரில்லாத கோட்டு. நீல லாந்தர் ஆட்டக் கூடம், ஆற்றோரம். பெரும் பனி கொட்டிய ஜனவரியில் ஒரு வெள்ளி இரவு, தீயணைப்பு மணி தவறாக அடித்து எல்லாரும் வெளியே அனுப்பப்பட்டார்கள். மறுநாள் வந்து அவரவர் பொருளை எடுத்துப் போனார்கள். இந்தக் கோட்டை மட்டும் யாரும் கேட்டு வரவில்லை. நம் ஊரில் ராத்திரி உலா போகிறவர்கள் கோட்டு அணிவதில்லை, பனி பெய்தாலும் சரி. அணிந்து வந்த இந்தத் தைரியசாலி யார்?" கேட்டியா? அந்த ராத்திரிதான் நார்மன். மணி அடிச்ச அதே ராத்திரி. சர்ச்சாம், பழைய துணியாம்!

— ஏ, மெதுவா. அந்தப் பொம்பள நம்மளையே பாக்கறா.

— பாக்கட்டும்.

— மன்னிக்கணும் கண்ணு, கண்ணாடி மேல கைய வெக்கக் கூடாது. ரேகை விழுந்துச்சுன்னா சாயங்காலம் நான்தான் தொடைக்கணும், அதான். என் பேரு இவோன், இந்த மாடிக்கு நான்தான் காவல். கோட்டப் பாத்து சண்டையா? தினமும் இங்க ஒரு ஜோடியாவது சண்டை போடும். "நீ கோட்டு போட்டுட்டு வந்தவதானே"ன்னு அவரு கிண்டல் பண்ணுவாரு, "சீ, நான் என்ன லண்டன்காரியா"ன்னு அந்தம்மா அடிக்கப் போவாங்க.

— இது எங்க பொண்ணு கோட்டும்மா.

— அட, இதே மாதிரி ஒண்ணு வெச்சிருந்தாளா?

— இதே மாதிரி இல்ல. இதேதான். மூணாவது பொத்தான் நான் தச்சது. காலருக்கு உள்பக்கம் திருப்பிப் பாருங்க, கொக்கி அறுந்துபோயி ஷூ லேஸத் துண்டு பண்ணித் தச்சிருப்பேன். வெளியில இருந்து தெரியாது. போன வாரம் எட்டி எட்டிப் பாத்தேன்.

— ஷூ லேஸு... ஐயோ கண்ணு. ஆமா, இருக்கு. பொம்மைக்கு மாட்டி விட்டப்போ நானும்தான் ஒரு கை புடிச்சேன். பழுப்பு லேஸு. யாரு கையோ நல்லா கெட்டியா தச்சிருக்குன்னு நாங்க பேசிக்கிட்டோம். அப்போ உங்க பொண்ணு இப்போ எங்க இருக்கா? கூட்டிட்டு வாங்களேன், படம் புடிச்சுப் போடலாம்!

— இல்ல. அந்த ராத்திரியே போயிட்டா.

— ஐயோ, நான் பாட்டுக்குப் படம் அது இதுன்னு...

— நீங்க ஏம்மா கலங்கறீங்க? உங்களுக்குத் தெரியாதுல்ல.

— தெரிஞ்சிருந்தா அந்த அட்டையில இப்படிச் சிரிப்பா எழுத விட்டிருக்க மாட்டேன் கண்ணு. என்ன ஆச்சு?

— தெல்மா, அந்தம்மாவுக்கு வேலை இருக்கும். விடு.

— இதான் என் வேலை, ஐயா. சொல்லுங்க கண்ணு.

— மணி அடிச்சு எல்லாரையும் தெருவுல விட்டாங்களா, டாக்ஸி ஒண்ணும் ஓடல. பைக்கர்ல இருக்கற எங்க வீடு வரைக்கும் பனியில நடந்தே வந்திருக்கா. எனக்கு ராத்திரி ஷிப்ட்டு, ஆஸ்பத்திரி சலவைக் கூடத்துல. இவருக்கும் ராத்திரி ஷிப்ட்டு, ரொட்டி பேக்டரியில. வீட்டுல ஆளில்ல. பின்வாசப் படியில ஒக்காந்திருக்கா. கொஞ்சம் குடிச்சிருந்தா, அப்படியே கண்ணு அசந்துட்டா. காலைல நான்தான் வந்தேன். தலையில பனி, இமையில பனி. தூங்கறான்னு நெனச்சேன். முதல் வார்த்தையா அவகிட்ட என்ன கேட்டேன் தெரியுமா? "கோட்டு எங்கடி"ன்னு கேட்டேன்.

— வாங்க, இந்த பெஞ்சுல ஒக்காருங்க. வீட்டுக்குள்ள போகலியா பாவம்?

— சாவி இல்ல. ஆடறப்போ எங்கேயோ விழுந்திருக்கும்னு போலீஸ்காரன் சொன்னான்.

— விழும், விழும். எனக்கே எத்தன தடவ விழுந்திருக்கு! கோட்டு கிடையாது, கைப்பை கிடையாது. பத்து பவுண்டு நோட்டும் வீட்டுச் சாவியும் உள்பாடிக்குள்ள, அதானே நம்ம ஊருப் பொண்ணுங்க பீரோ. பிக் மார்க்கெட் தெருவுல பனி கொட்டும், நாங்க கையில்லாத சட்டையில முழங்கை நீலம் பாஞ்சு போயி வரிசையில நிப்போம். எவளாவது கோட்டோட வந்தா அவ்வளவுதான், "என்னடி, மீன் புடிக்கப் போறியா"ன்னு தெருவே கத்தும். எங்கம்மாவும் கோட்டப் போடு, கோட்டப் போடுன்னு தொண்ட கிழியச் சொல்லுவாங்க. நான் ஒரு நாளு கேட்டவ இல்ல.

— என் பொண்ணு கேட்டாம்மா! அதத்தான் நான் இந்த மனுஷனுக்குச் சொல்ல வந்தேன். இத்தன வருஷமா அவ நான் சொன்னதக் கேக்காம போனான்னு நெனச்சுட்டு இருந்தேன். அன்னைக்கு சாயங்காலம் நான் வேலைக்குக் கிளம்பறப்போ சண்டை. "கோட்டப் போட்டுட்டுப் போலன்னா இந்த வீட்டுப் பக்கமே வராத"ன்னேன். அவ பதிலே சொல்லல, கண்ணுக்கு மை தீட்டிட்டு இருந்தா. அதுதான் நாங்க கடைசியாப் பேசினது. அப்பறம் இவரு என்ன சொன்னாரு? "நான்தான் கோட்டு வேணாம்னு சொன்னேன், ஊரு சிரிக்கும்னு கிண்டல் பண்ணினேன், அவளும் கழட்டி ஆணியில மாட்டிட்டுப் போயிட்டா"ன்னாரு. கோட்டு இருந்திருந்தா அந்தப் படியில காலைல வரைக்கும் தாங்கியிருப்பாளேன்னு எனக்கு ஆறல. இவரு மூஞ்சியப் பாக்கப் புடிக்கல. ரெண்டே வருஷம், போயிடுன்னு சொல்லிட்டேன். மறு பேச்சு பேசாமப் போயிட்டாரு.

— தெல்மா...

— போன வாரத்துல இருந்துதான் நான் ராத்திரி தூங்கறேன், இவோன். என் பொண்ணு எம்மேல கோவத்தோட சாகல. இந்த மனுஷன் வேணாம்னு சொல்லியும், தெரு சிரிக்கும்னு தெரிஞ்சும், நான் சொன்ன ஒரு வார்த்தைக்காகத் திரும்பி வந்து கோட்ட எடுத்துப் போட்டுட்டுப் போயிருக்கா. சண்டை முடிஞ்சு போச்சுன்னு அர்த்தம். இல்லியா? கோட்டு போட்டதுதான் அவ சொன்ன பதிலு.

— ஆமா கண்ணு. ஆமா.

— அதனால அந்த அட்டைய மாத்துங்க. தைரியசாலி யாருன்னு கேட்டிருக்கீங்கல்ல? எங்க பெவ், பெவர்லின்னு போடுங்க. அம்மா சொன்னதால கோட்டு போட்டுட்டு வந்தான்னு போடுங்க. பாக்கறவங்க பாக்கட்டும்.

— மாத்திடலாம். நான் கீழ போயி எங்க மேலதிகாரிகிட்டச் சொல்றேன், நல்ல மனுஷி, சொன்னா புரிஞ்சுக்குவா. கோட்டே வேணும்னாலும் கேளுங்க, உங்களுதுதானே. அந்த ஆட்டக் கூடத்த இடிச்சப்போ பழைய முதலாளி கொடுத்தது இது. ஓ, இன்னொண்ணு, பாக்கெட்ல இருந்த சில்லறைச் சாமானெல்லாம் ஒரு டப்பாவுல போட்டுக் கீழ வெச்சிருக்கு. என்னென்னன்னு எனக்குத் தெரியாது. எடுத்துட்டு வரேன், அதுவாவது உங்க கையில கெடைக்கட்டும்.

— வேணாம்மா.

— என்னங்க ஐயா?

— டப்பா வேணாம். கோட்டப் பாத்தாச்சு, போதும். எங்களுக்கு ரயிலுக்கு நேரமாச்சு.

— உனக்குத்தான் ரயிலு. நான் பஸ்ல போறவ. நீங்க போய் எடுத்துட்டு வாங்க இவோன், இவரு கிடக்காரு.

— இதோ வந்துட்டேன் கண்ணு. எழுந்து போயிடாதீங்க.

— நல்ல பொம்பள.

— தெல்மா, நான் சொல்றத ஒரு தடவ கேளு. கோட்ட வாங்கிக்கோ. வேணும்னா நானே தூக்கிட்டு வந்து உன் வீட்டு ஆணியில மாட்டித் தரேன். இப்போ கிளம்பிடுவோம்.

— எதுக்கு இந்த அவசரம்?

— பசி.

— பசிக்கு ஓடற ஆளா நீ. நான் சந்தோஷமா இருக்கேன், உனக்கு அது பொறுக்கல. உன் பேச்சக் கேக்காம என் பேச்சக் கேட்டுட்டாளேன்னு இருக்கு.

— இருக்கட்டும். அப்படியே வெச்சுக்கோ. எனக்குப் பொறாமைதான். அதோட விட்டுடு. பழைய சாவியையும் லிப்ஸ்டிக்கையும் வாங்கி வெச்சுட்டு ராத்திரி பூரா பாத்துப் பாத்து அழறதுக்கா...

— என்ன சொன்ன?

— நீ அழுதுட்டே இருப்பேன்னு சொன்னேன்.

— அதுக்கு முன்னாடி.

— ஒண்ணும் சொல்லல.

— சாவின்னு சொன்ன. அந்தம்மா சில்லறைச் சாமான்னுதான் சொன்னா. அவளுக்கே என்ன இருக்குன்னு தெரியாது. உனக்கு எப்படித் தெரியும்?

— பாக்கெட்டுன்னா எல்லாரும் சாவிதானே வெப்பாங்க.

— பெவ் வெக்க மாட்டா. உள்பாடிக்குள்ள சொருகிட்டுப் போவா. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், "ஐயோ குளுருது, ஐயோ குளுருது"ன்னு குதிப்பா. என்னப் பாரு நார்மன். நீ இந்தக் கோட்ட முன்னாடியே பாத்திருக்க. எப்போ பாத்த?

— பொதச்ச மறுநாளு. அந்த ஆட்டக் கூடத்துக்குப் போனேன். கோட்டு வெக்கற ரூம்ல ஒரு பொம்பள இருந்தா, போயித் தேடிக்கோன்னா. கம்பி பூரா காலி. இது ஒண்ணுதான் தொங்கிட்டு இருந்துச்சு. எடுத்துட்டு வரத்தான் போனேன். பாக்கெட்ல கைய விட்டேன். சாவி தட்டுப்பட்டுச்சு. கைய எடுத்துட்டேன். இது என்னோடது இல்லம்மான்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

— எரிச்சுட்டேன்னு எங்கிட்ட வந்து அழுதியே, அது அன்னைக்குத்தானா?

— அழுதது பொய் இல்ல.

— எடுத்துட்டு வந்திருந்தா என்ன? ஆத்துல வீசியிருந்தாகூட...

— வீச மனசு வரல. அவ போட்டது.

— கோட்டு போட்டுட்டுத்தான் போனான்னு உனக்கு முதல்ல இருந்தே தெரியும். பின்ன எதுக்கு வேணாம்னு நீ சொன்னதாச் சொன்ன? உன் தலையில நீயே எதுக்குக் கொட்டிக்கிட்ட?

— விடு தெல்மா. கெஞ்சிக் கேக்கறேன். இத்தோட விடு.

— அன்னைக்கு வாசல்ல என்ன நடந்துச்சு? சொல்லு. இல்லன்னா நானே யோசிச்சுடுவேன். அது இன்னும் கொடுமை.

— நான் ஷூ மாட்டிட்டு இருந்தேன். கண்ணாடி முன்னாடி கோட்டப் போட்டுப் பாத்தா, கழட்டினா, மறுபடி போட்டா. "அப்பா, இதப் போட்டுட்டுப் போனா பிக் மார்க்கெட்டே என்ன மீன்காரிங்கும்"னா. சிரிச்சேன். வேணாம்னா விட்டுட்டுப் போயேன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு.

— சொல்லலியா?

— சொல்லல. உங்கூட எதுக்கு வம்புன்னு பேசாம இருந்துட்டேன். அவளே சொன்னா, "காலைல அம்மா வந்து இது ஆணியில தொங்கறதப் பாத்தா மனசு கஷ்டப்படும், போட்டுட்டே போறேன்"னு. அப்பறம் சாவிய எடுத்தா. "அம்மா கோட்டால ஒரு லாபம்ப்பா, இன்னைக்கு நெஞ்சுல ஐஸ் இல்ல"ன்னு சொல்லிப் பாக்கெட்டத் தொறந்து உள்ள போட்டா. பொத்தான மாட்டினா. கடைசியா மூணாவது பொத்தான். போயிட்டா.

— கோட்டு இல்லாம போயிருந்தா...

— தெல்மா.

— கோட்டு இல்லாம போயிருந்தா சாவி அவ மேலேயே இருந்திருக்கும்.

— அப்படியெல்லாம் யோசிக்காத.

— மணி அடிக்குது, எல்லாரும் வெளிய ஓடறாங்க. மத்த பொண்ணுங்களும் கோட்டில்லாமத்தானே நடந்து போனாங்க. அவங்கவங்க வீட்டுக்குப் போயி, சாவிய எடுத்து, கதவத் தொறந்து, போர்வைய இழுத்துப் போட்டுத் தூங்கினாங்க. என் பொண்ணு சாவி மட்டும் உள்ள கம்பியில தொங்கிக்கிட்டு இருந்துச்சு. நான் போடச் சொன்ன கோட்டுல.

— கோட்டு வேணாம்னு சொன்னேன்னு இத்தன வருஷமா என்ன நீ திட்டறியே, அந்த வார்த்தைய நான் நிஜமாச் சொல்லித் தொலைச்சிருக்கணும். சொல்லாதது ஒண்ணுதான் என் குத்தம். அதனாலதான் சொன்னதாவே வெச்சுக்கிட்டேன். எனக்குத் தாங்கும். உனக்குத் தாங்காது. "கோட்டு எங்கடி"ன்னு நீ அவளப் பாத்துக் கேட்டேன்னு சொன்ன பாரு, அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்.

— வீட்ட விட்டுத் துரத்தினேன் உன்ன.

— ஆமா.

— உங்கம்மா சாவுக்குக்கூட நான் வரல. தெருவுல பாத்தா எதிர்ப்பக்கம் போயிடுவேன்.

— பாத்திருக்கேன்.

— ஒரு தடவ, ஒரே தடவ வாயத் தொறந்து...

— என்னன்னு சொல்ல? உன் பாசம்தான் தெல்மா அவள அந்தப் படியில ஒக்கார வெச்சுதுன்னா? எப்படிச் சொல்றது அத?

— பாவி மனுஷா. பாவி. யாரு கேட்டா உங்கிட்ட இத?

— அழாத. வர்றா அந்தம்மா.

— மன்னிச்சுக்கங்க கண்ணு, தேடறதுக்கு நேரமாயிடுச்சு. இந்தாங்க, பாருங்க. ஒரு ஜோடி கையுறை. ஒரு லிப்ஸ்டிக், அடேயப்பா, என்ன செவப்பு! அப்பறம் இது ஒரு வீட்டுச் சாவி, கம்பளி நூல் கட்டியிருக்கு. இது உங்க வீட்டுதுதானா?

— என் ஸ்வெட்டர் நூலு. தொலைச்சுடப் போறாளேன்னு நான்தான் கட்டினேன்.

— கெட்டியா புடிச்சுக்கங்க. உங்களுக்குத்தான். அட்டை விஷயமும் பேசிட்டேன், தாராளமா மாத்தலாமாம். நீங்க சொன்னத மறந்துடக் கூடாதுன்னு படியில நின்னே எழுதிட்டேன். கேளுங்க: "இது பெவர்லியின் கோட்டு. ஊரில் யாருமே கோட்டு அணியாத ராத்திரியில், அம்மா சொன்னதால் அணிந்து வந்தாள்." எப்படி இருக்கு?

— அத எழுதாதீங்கம்மா. அவ பேரு மட்டும் போடுங்க, போதும். இல்லன்னா அப்பாவோட பொத்தான்னு ஏதாவது போடுங்க. அது வேணாம்.

— ஏன் ஐயா? அம்மாவே ஆசையாச் சொன்னதுதானே. ஏதும் தப்பா எழுதிட்டனா கண்ணு?

— நீ பேசாம இரு நார்மன். நீ சொமந்த வரைக்கும் போதும். நல்லாத்தான் எழுதியிருக்கீங்க இவோன். ஒரே ஒரு சின்ன வார்த்தைதான் விட்டுப் போச்சு. "அம்மா சொன்னதால்" இல்ல. "அம்மா சொன்னதால்தான்"னு எழுதுங்க.